இடப்பக்கம் மட்டும் திரும்பிய வண்டி

வண்டி கால்வாயில் இறங்கியபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் நான்தான். மலாய் நாட்டில், பாலோவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. ரப்பர் ஃபேக்டரிக்கு முன்னால், பால் நிறுக்கும் நேரத்தில், வாளிகளோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரின் கண்ணெதிரே அது நடந்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது, பெரிய டாக்டர் வராத நாட்களில் எல்லாமே அவர்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்ற பழைய அமெரிக்க வண்டியை அவர் மலிவாக வாங்கியிருந்தார். துணிக்கூரை போட்ட வண்டி. சக்கரங்களுக்கு மரத்தால் ஆன ஆரக்கால்கள். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். எனக்கு அதைக் கண்டதிலிருந்து தரையில் கால் நிற்கவில்லை.

வண்டி வந்த முதல் வாரமே, "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க" என்று கேட்டேன். அவர் சிரித்தார். முடியாது என்று சட்டென்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அடுத்த முறை குளுவாங் டவுனுக்குப் போய் வந்தபோது, பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ் ஒன்றை என் பேரில் எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். அன்றைக்கு அடுப்பில் குழம்பு தீய்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அப்படிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் கால்வாய். நேரான செம்மண் சாலை, மெதுவாகத்தான் போனேன். வண்டி மெல்ல இடது ஓரமாக நகர்ந்தது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினேன். அது என் கையில் சுற்றியது, வண்டி மட்டும் தன் போக்கிலேயே போனது. இன்னும் திருப்பினேன். திடீரென்று சக்கரங்கள் பிடித்துக்கொண்டு வண்டி வலது பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் இடது பக்கம் திருப்பினேன், மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. முன்சக்கரம் இரண்டும் கால்வாய்க்குள் இருந்தன. யாருக்கும் அடி இல்லை. பால் மரம் வெட்டுகிறவர்கள் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, ஓவென்று கூவியபடி வண்டியைத் தூக்கி மேலே வைத்தார்கள். அவர்களுக்கு அது ஒரு திருவிழாவாகவே இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கிலும் கடவுளிலும் கண்டிப்பானவர். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, மோட்டார் எண்டது தையல் மிசின் இல்லை."

வீட்டுக்கு வந்ததும், "நான் திருப்பினேங்க. அது திரும்பல" என்றேன்.

"பழக்கம் இல்லாதப்ப அப்படித்தான் தோணும்" என்றார் இவர், ஆறுதலாகத்தான். அந்த ஆறுதல்தான் எனக்கு ஆகவில்லை.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் புறப்படும் முன்னே கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "கீழ படுங்க. நான் மேல உக்காந்து திருப்புறேன். சக்கரம் எப்ப அசையுதுன்னு மட்டும் சொல்லுங்க."

வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். நான் மெதுவாகத் திருப்பினேன்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லையே."

ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் இருந்த என் கை பக்கவாட்டுக்கே வந்துவிட்டது. "இப்ப?"

"அட! இப்பத்தான்!" என்ற அவர் குரல் கீழேயிருந்து வந்தது. "இரு, இரு. திருப்பி விடு. மறுபடி திருப்பு... அலமாக்! இறங்கி வா, நீயே வந்து பாரு!"

புடவையைச் செருகிக்கொண்டு நானும் அடியில் நுழைந்தேன். அவர் மேலே போய்த் திருப்பினார். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து கீழே தொங்கும் இரும்புக் கையின் நுனியில் ஒரு குண்டு இருந்தது. அந்தக் குண்டு ஒரு நீளமான கம்பியின் முனையிலுள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். குண்டு அசைந்தால் கம்பி அசையும், கம்பி அசைந்தால் சக்கரம் திரும்பும். இங்கேயோ குண்டு கோழிமுட்டை போலத் தேய்ந்து கிடந்தது. கிண்ணத்துக்குள் இங்கும் அங்கும் நீந்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் உடைந்து துண்டாகியிருந்தது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். ஆடுகிற பல் போல அது கடக் கடக் என்றது. சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னும், அதைச் சுற்றியுள்ள பித்தளை புஷ்ஷும் தேய்ந்து போயிருந்தன.

அவர் எழுந்து நின்றார். முதுகெல்லாம் மண். "நீ ஒழுங்காத்தான் திருப்பியிருக்க" என்றார்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. வேலியோரம் போய், "கிராணியாரே! வண்டிதான் கெட்டுப் போயிருக்கு, நான் இல்ல!" என்று கத்தினேன். பூஜையில் இருந்தவர் மணியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மணி மறுபடியும் ஒலித்தது, முன்னைவிடப் பலமாக.

அந்த வாரமே கடலோர ஊரான மெர்சிங்கிலிருந்து அக்காவின் செய்தி வந்தது. அவளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அத்தான் அங்கே ரோட்டு வேலையில் மேற்பார்வையாளர். எங்கள் அப்பாவும் அம்மாவும் அப்போது இந்தியாவுக்குப் போயிருந்தார்கள். பிறந்த வீட்டு வளையலைக் கொண்டு போக என்னைத் தவிர யாரும் இல்லை. குளுவாங் வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து மெர்சிங்குக்குப் போகும் வாடகை வண்டி ஆள் நிறைந்தால் கிளம்பும், இல்லாவிட்டால் கிளம்பாது.

"நம்ம வண்டியிலதான் போறோம்" என்றேன்.

"இந்த ஸ்டீயரிங்கோடவா?"

"மாத்திட்டு."

குளுவாங்கில் இருந்த பட்டறை வண்டியைக் கொண்டுவந்து விடச் சொன்னது. எப்போது முடியும் என்று சொல்ல முடியாதாம். அதைவிட, வண்டியை அங்கே எப்படி ஓட்டிப் போவது? இவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நாமளே மாத்திப் பாப்போமா?" என்று கேட்டார். நான் கேட்கச் சொல்லிக் கொடுத்தது போலவே கேட்டார்! பாதிச் சோற்றோடு எழுந்துபோய்க் காகிதமும் பென்சிலும் எடுத்து வந்தேன். வண்டியின் வருடத்தையும் என்ஜினில் குத்தியிருந்த எண்ணையும் எழுதி, சிங்கப்பூரில் சாமான் விற்கும் கடைக்குத் தந்தி கொடுத்தோம்.

அதற்குப் பிறகு ரயில் ஊதும்போதெல்லாம் நான் வாசலுக்கு வந்தேன். கடைசியில் பெட்டி வந்தபோது வளைகாப்புக்குச் சில நாட்களே இருந்தன. ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் வைத்து உடைத்தோம். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒவ்வொன்றையும் பிரித்து வரிசையாக அடுக்கினேன். வெள்ளி போல மின்னும் கிங் பின்கள். பொன் நிறத்தில் புஷ்கள். புதிய ஸ்பிரிங், புதிய கிண்ணங்கள். உருண்டு திரண்ட குண்டோடு சேர்ந்த புதிய இரும்புக் கை. சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பிக்குப் புதிய முனைகள். நகைக்கடையில்கூட நான் அத்தனை ஆசையோடு கையை நீட்டியது கிடையாது. இவர் ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, "உருண்டை! சுத்தமான உருண்டை!" என்று குழந்தை போலச் சொன்னார்.

புடவையோடு வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. அவருடைய பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். அன்று வேலியோரம் வந்த கிராணியார் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரம்புத்தான் மரத்தோடு பேசத் தொடங்கினார். "டிரெசர், இது உங்களால ஏலுமோ? ஞாயிற்றுக்கிழமை என்னைக் குளுவாங்கில இறக்கி விடுறதெண்டு சொன்னனீங்கள்."

"இறக்கி விடுறோம்!" என்றேன் நான் வண்டிக்கு அடியிலிருந்து.

"நான் டிரெசரைக் கேட்டனான்" என்றார் மரத்திடம்.

பழையதைக் கழற்றுவது நாங்கள் நினைத்தது போல இல்லை. நட்டைக் கழற்றிய பின்னும் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை தன் துளையை விட்டு வெளியே வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம். அடித்தோம். இவர் அடித்து அடித்துக் கை சிவந்து உட்கார்ந்துவிட்டார். ஃபேக்டரியில் என்ஜின் பார்க்கிறவர் ஒருநாள் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடித்து ஏதோ கழற்றியதைப் பார்த்ததாக இவருக்கு ஞாபகம் வந்தது. துளையின் விளிம்பு ஒரு கணம் நசுங்கி விரியுமாம், பிடி விடுமாம்.

"நீ அந்தப் பக்கம் நில்லு. நான் சொல்றப்ப ரெண்டு பேரும் சேந்து அடிக்கணும். முன்ன பின்ன ஆயிடக் கூடாது."

நான் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதல் அடி சேரவில்லை. இரண்டாவதில் என் சுத்தியல் அச்சில் பட்டுத் தெறித்தது. "மூச்ச விட்டு அடி" என்றார். அடுத்த அடியில் இரண்டு சுத்தியலும் ஒரே சத்தம் போட்டன. டங்! கம்பி பொத்தென்று மண்ணில் விழுந்தது.

இரண்டு பேரும் கத்திவிட்டோம். என்ன கத்தினோம் என்று எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அதற்கப்புறம் மற்ற முனைகளை வரிசையாகக் கழற்றினோம். ஒவ்வொன்றும் அந்த ஒரே அடியில் விழுந்தது. இவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அடிக்கும் நேரம் தெரிந்துவிட்டது.

கிங் பின் வேறு சாதி. இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, காலையில் இரும்புக் கடப்பாரைத் துண்டை வைத்து அடித்தபோது முனகிக்கொண்டு இறங்கியது. பழைய பின்னின் நடுவில் விரல் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். "இதை வெச்சிக்கிட்டுத்தான் இத்தனை நாளா ஓட்டுனோமா?" என்று இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிய புஷ்ஷை அடித்து ஏற்றினால் உடைந்துவிடும் என்று பயந்து, நீளமான போல்ட் ஒன்றைத் துளைக்குள் விட்டு, நட்டை முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்தோம். அது சீராக ஏறியது. ஆனால் புதிய பின் அதற்குள் போகவில்லை. புஷ்ஷின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பின்னுக்கு ஏற்றபடி அளவாக்க வேண்டும், அதற்கான கருவி எங்களிடம் இல்லை.

பாலோ கடைத்தெருவில் சைக்கிளும் மரம் அறுக்கும் என்ஜினும் பழுது பார்க்கும் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒருவர் இருந்தார். கால்சட்டையை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு நானும் இவரோடு போனேன். தவுக்கே எங்கள் இரும்புகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெசோக்" என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம்.

"பெசோக் தக் போலே, தவுக்கே!" என்றேன். நாளைக்கு முடியவே முடியாது. "ஹாரி இனி!" இன்றைக்கே வேண்டும். எனக்குத் தெரிந்த மலாயில், அக்கா, வயிறு, வளையல், மெர்சிங் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். வளையலுக்காகத்தான் இந்த அவசரம் என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வாய்விட்டுச் சிரித்தார். கையிலிருந்த சைக்கிள் சக்கரத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். பித்தளைச் சுருள்கள் மெல்லிய முடி போல உதிர்ந்தன. கொஞ்சம் சுரண்டுவார், பின்னை விட்டுப் பார்ப்பார், மறுபடியும் சுரண்டுவார். கடைசியில் பின்னைத் துளையின் வாயில் நிறுத்திக் கையை எடுத்தார். அது தன் எடையிலேயே மெல்ல, மெல்ல இறங்கியது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அடியைத் தொட்டதும் தவுக்கே என்னைப் பார்த்து, "மெர்சிங்!" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் எல்லாம் பூட்டி முடிந்தது. கடைசியாக இரும்புக் கையை மாட்டுவதற்கு முன் வண்டியைத் தள்ளிச் சாலையில் சமதரையில் நிறுத்தியிருந்தோம். கிரீஸ் வைத்தோம். மூங்கில் குச்சி ஒன்றில் அடையாளம் போட்டு, முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் ஒத்துப் பார்த்து நேராக்கினோம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் சத்தமே இல்லை. "வா, ஒரு சுத்து போலாம்" என்றார் இவர். நான் முகம் கழுவக்கூட இல்லை.

எங்கள் தோட்டத்தில் பந்தடிக்கும் திடல் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஒரு சாலை. அந்தச் சாலையில்தான் எங்கள் வீடு, வேலையாட்கள் குடியிருக்கும் லயங்கள், கோயில், ஃபேக்டரி எல்லாம் இருந்தன. வண்டி முதல் அடியிலேயே வேறு வண்டியாகிவிட்டது. கை லேசாக அசைந்தாலே அது கேட்டது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று நான் துள்ளினேன். இடது பக்கம் திரும்பி லயங்களைத் தாண்டினோம். மறுபடி இடது, கோயில். ஃபேக்டரி முக்கில் பெரிய சாலைக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். இவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அது கொஞ்ச தூரம் போய்ச் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டது.

"என்னங்க?"

"வலது பக்கம் திரும்ப மாட்டேங்குது."

"இடது பக்கம்?"

இடது பக்கம் அருமையாகத் திரும்பியது. வேறு வழியில்லாமல் அந்தப் பக்கமே திரும்பினோம். ஆபீஸைத் தாண்டி, கிராணியார் வீட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீடோ வலது பக்கம்! கொட்டகைக்குள் நுழையவே முடியாது. சாலையின் இரு பக்கமும் கால்வாய், பின்னால் எடுத்துத் திருப்பவும் இடமில்லை. "புதுசுங்கறதால இறுக்கமா இருக்கும். ஓடினா விட்டுக் குடுக்கும்" என்று இவர் இன்னொரு சுற்று விட்டார். லயங்கள், கோயில், ஃபேக்டரி, முக்கு. விட்டுக்கொடுக்கவில்லை. இடது.

இரண்டாம் சுற்றில் லயத்துப் பெண்கள் கையசைத்தார்கள். மூன்றாம் சுற்றில் ஒரு சிறுவர் பட்டாளமே பின்னால் ஓடி வந்தது. கிராணியார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க போறியள்?"

"சும்மா!" என்று கத்திக்கொண்டே அவரைக் கடந்தோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. இவரும் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வீட்டு வாசலில் சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் எட்டி ஸ்டீயரிங்கை இடது கோடி வரை சுற்றினேன். சுற்றிக்கொண்டே போனது. வலது பக்கம் சுற்றினேன். அரை வட்டம்கூட இல்லை.

"நடு எங்க இருக்கு?" என்று நான் கேட்டதும், இவர் நெற்றியில் அடித்துக்கொண்டதும் ஒன்றாக நடந்தன.

"இரும்புக் கைய மாட்டறப்ப ஸ்டீயரிங் நடுவுல இருக்கான்னு பாக்கவே இல்லியே!"

புதிய இரும்புக் கையைப் பல்வரிசை உள்ள தண்டில் செருகியிருந்தோம். எந்தப் பல்லில் செருகினாலும் அது உட்காரும். நாங்கள் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகச் சுற்றிக் கிடந்தபோது செருகிவிட்டோம். அங்கேயே, சாலையிலேயே, கூட்டம் வேடிக்கை பார்க்க, மறுபடியும் அடியில் படுத்தோம். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி, சரிபாதியில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, கையைப் பிடுங்கி மாட்டினோம். இருட்டுவதற்கு முன் வண்டி வலது பக்கம் திரும்பிக் கொட்டகைக்குள் நுழைந்தது. பட்டாளம் கைதட்டியது.

ஞாயிறு விடிந்ததும் நான் கண்ணாடி வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். கிராணியார் கோட்டு, குடை, பையோடு வந்து நின்றார். இவர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றி என்ஜினை முடுக்கினார். அவசரத்தில் தீப்பொறியைத் தாமதமாக்கும் நெம்புகோலைக் கீழே தள்ள மறந்திருந்தார். என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தது. கைப்பிடி திரும்பி அடித்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டு, "எலும்பு உடையல. சுளுக்குதான்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் கட்டுப் போட்டேன். அதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தக் கையோடு கியர் மாற்றவோ ஸ்டீயரிங் பிடிக்கவோ முடியாது.

"அப்ப இண்டைக்குப் போக்கு இல்லை" என்றார் கிராணியார்.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

கிராணியார் மரத்தைத் தேடினார். இவர் என்னைப் பார்த்தார். கண்ணில் வலி இருந்தது, பயமும் இருந்தது. பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "பெட்டிய என்கிட்ட குடு" என்றார்.

என்ஜினைச் சுற்ற இப்போது கிராணியார்தான் இருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். "நெம்பு சரியோ? நல்லாப் பாத்தனீங்களோ?" என்று இரண்டு தடவை கேட்டார். கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டு ஒரு சுழற்று. வண்டி உறுமியது. அவர் முகத்தில் வந்த பெருமையை மறைக்கவே அவருக்குத் தெரியவில்லை.

குளுவாங் வரை நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவர் மட்டும் மெல்லிய குரலில், "ரெண்டாவது கியர்... இப்ப விடு... நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அதையும் நிறுத்திவிட்டார். குளுவாங் கடைத்தெருவில் கிராணியார் இறங்கியபோது, அங்கே தெரிந்தவர் ஒருவர், "யார் ஓட்டினது?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "எங்கட டிரெசர் வீட்டுப் பிள்ளைதான். நல்ல நிதானம்" என்றார் கிராணியார். "என்ஜினை நான்தான் சுத்திக் குடுத்தனான்."

காஹாங் தாண்டினால் காடு. இரண்டு பக்கமும் மரங்கள் சாலைமேல் கவிந்திருந்தன. யானைச் சாணம் அங்கங்கே புதிதாகக் கிடந்தது. வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றுக்கும் நான் கையைக் கொஞ்சமாக அசைத்தால் போதும், வண்டி புரிந்துகொண்டது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. ஜெமாலுவாங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவில், மரக்கட்டை ஏற்றிய லாரி எங்கள் பக்கத்திலேயே எதிரே வந்தது.

இவர் ஏதோ கத்தினார். நான் இடது பக்கம் ஒதுக்கினேன். சக்கரம் புல் ஓரத்தில் ஏறியது, அதற்கு அப்பால் பள்ளம். மரக்கட்டைகள் என் தோளை உரசுவது போலக் கடந்தன. உடனே வலது பக்கம் திருப்பினேன். நான் கேட்ட அளவுக்கு, ஒரு விரற்கடைகூடக் கூடாமல், வண்டி சாலைக்கு நடுவே வந்து நேராகப் போனது.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தினேன். இவர் மடியில் வளையல் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். திறந்து பார்த்தோம், ஒன்றுகூட உடையவில்லை. "நல்லா ஓட்டுற" என்றார். பெட்டியை மூடினார். "என்னைவிட நல்லா ஓட்டுற."

மெர்சிங்கில் கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடித்தன. பந்தலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வலது பக்கத்திலிருந்து நான் இறங்கியதைப் பார்த்து அத்தான் வண்டியைச் சுற்றி வந்து வேறு டிரைவரைத் தேடினார். அக்கா பெரிய வயிற்றோடு ஓடிவர, பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். "நீயாடி? நீயா ஓட்டிட்டு வந்த?" என்று என் கன்னத்தைத் தடவினாள். விரலில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. கிரீஸ் எப்போதிருந்து அங்கே இருந்ததோ, எனக்குத் தெரியாது.

நல்ல நேரத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக வளையல் அடுக்கினோம். கலந்த சாதங்கள் பரிமாறி முடிந்தது. எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா என் காதருகே வந்து, "கடலோரமா ஒரு சுத்து கூட்டிட்டுப் போடி" என்றாள்.

"இந்த நிலைமையிலயா?" என்றார் அத்தான்.

இவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "மெதுவா ஓட்டுவா. நான் சொல்றேன், தைரியமா அனுப்புங்க" என்றார்.

அக்கா முன்னால் ஏறினாள். "நானும்", "நானும்" என்று பின் இருக்கையில் பெண்கள் ஏறினார்கள். இடம் போதாமல் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தாள். அத்தான் என்ஜினைச் சுற்றினார். துணிக்கூரையை இறக்கியிருந்தோம். நான் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பியதும் காற்று எல்லோருடைய முந்தானையையும் அள்ளிக்கொண்டு போனது. மீன் உலர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கி அவர்களுக்குப் பதிலுக்கு ஆட்டினாள். அத்தனை வளையலும் சேர்ந்து குலுங்கின. "இன்னும் கொஞ்சம் வேகமா!" என்றாள் என் அக்கா.